வெளுத்த துணியும் புது வண்ணமும்

ஒருவருடைய பொய்ம்மை வெளிப்பட்டுவிட்டால், 'அவர் சாயம் வெளுத்துவிட்டது' என்று கூறுவது தமிழர் வழக்கு. சாயம் என்றாலே மேற்பூச்சு, மறைப்பு, நெடுநாள் நில்லாதது என்னும் எண்ணம் நம் மொழியில் ஊறிக் கிடக்கிறது. சாயத்தின் மீது சுமத்தப்பட்ட இப்பழி நியாயமானதுதானா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சாயம் தோய்க்கும் கைகளை அருகிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். வெளுத்துப்போன துணிக்கு மறுவாழ்வு தரும் அந்த எளிய வீட்டுக் கலையைப் பற்றி இம்மலரில் சில பக்கங்கள் எழுதுவது பொருத்தம் எனத் தோன்றிற்று. பழந்துணியைத் தூக்கி எறிய மனம் வராத தலைமுறை ஒன்று நம் குடும்பங்களில் இருந்தது. அதன் நினைவு நம் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும்.

மைசூரில் வாழும் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். நாம் 'வண்ணம்' என்பதைக் கன்னடத்தார் 'பண்ண' என்பர். நம்முடைய 'வா' இங்கே 'பா' ஆகிறது. 'வெள்ளி' 'பெள்ளி' ஆகிறது. 'வெள்ளை' 'பிளி' என நிற்கிறது. வண்ணமும் பண்ணவும் வடமொழி 'வர்ண'த்தின் வழி வந்தவை என்பர் மொழிநூலார். ஒரு சொல் இரண்டு வீடுகளுக்குள் புகுந்து, அந்தந்த வீட்டின் ஒலியை ஏற்றுக்கொண்டு, இரண்டிலும் உரிமையுடன் வாழ்கிறது. குடிபெயர்ந்து வந்த நமக்கு இதில் ஓர் ஆறுதல் இல்லாமற் போகவில்லை.

அம்மாவின் குண்டான்

என் தாய்வழிப் பாட்டனார் சேலம் அம்மாப்பேட்டையில் கைத்தறி நெய்தவர். தறியில் வேலை குறைந்த காலங்களில் சாயப்பட்டறைக்கும் போனவர். தறிக்குழியின் ஓரத்திலேயே அம்மா வளர்ந்தார். பாவு, ஊடை, கஞ்சி, கெட்டிச் சாயம், ஓடும் சாயம் என்னும் சொற்கள், பள்ளிக்கூடத்து எழுத்துக்களுக்கு முன்பே அவருக்குப் பழகிவிட்டன. திருமணமாகி மைசூருக்கு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு அவர் கொண்டுவந்த செல்வம் அந்த அறிவு ஒன்றே. அப்பாவுக்கு இங்கே ஓர் ஆலையில் வேலை. வரிசை வீடுகளில் ஒன்றில் இரண்டு அறை. பின்புறம் ஐந்து குடும்பங்களுக்கும் பொதுவான கிணறு. அக்கிணற்றடியில்தான் அம்மாவின் சாயப்பட்டறை நடந்தது.

சயாஜி ராவ் சாலையை ஒட்டிய தேவராஜ மார்க்கெட்டில் குங்குமமும் மஞ்சளும் வண்ணப் பொடிகளும் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருப்பதைக் காணாத மைசூர்வாசி இரார். அக்குவியல்கள் நெற்றிக்கும் கோலத்துக்கும் உரியவை, துணிக்கு ஆகா. துணிச்சாயம் அக்கம் பக்கத்துத் தெருக்களில், பலசரக்குக் கடையின் மூலையில், சிறு காகிதப் பொட்டலங்களாகக் கிடைத்தது. அரக்கு, கருநீலம், பச்சை, கத்தரிப்பூ நிறம், கறுப்பு என்று நான்கைந்து வண்ணங்களே இருக்கும். வேண்டிய மற்ற வண்ணங்களை அம்மாவே கலந்து கொள்வார்.

அவருக்கென ஒரு பழைய அலுமினியக் குண்டான் இருந்தது. சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் பிறகு ஒருநாளும் சமைக்கக் கூடாது என்பது அவர் விதித்த முதல் சட்டம். இரண்டாவது சட்டம், துணி அழுக்கு நீங்கித் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது. முதலில் சலவைச் சோடா இட்ட கொதிநீரில் துணியைப் புரட்டி எடுப்பார். பழைய கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டிக்கொண்டிருக்கும் பழஞ்சாயத்தின் மிச்சம் ஆகியவை அப்போது நீங்கும். வெளுப்பு ஒரே சீராக இராத துணியில் புதுச்சாயமும் சீராக ஏறாது. மடிப்பு ஓரங்களில் ஒரு நிறமும் நடுவில் ஒரு நிறமுமாகத் திட்டுத் திட்டாக நிற்கும்.

அடுத்து, பொடியைச் சிறிது வெந்நீரில் குழைத்து, பழைய வேட்டித் துண்டில் வடிகட்டுவார். கரையாத ஒரு துகள் தங்கினாலும் அது துணியில் புள்ளியாய் விழுந்து, அப்புள்ளி அத்துணியின் ஆயுள் முழுவதும் இருக்கும். துணியை உலர்ந்த நிலையில் ஒருபோதும் குண்டானில் இடமாட்டார். நன்றாக நனைத்துப் பிழிந்து, விரித்தபடியே இறக்குவார். அடுப்பை மெல்ல மெல்லத் தூண்டுவார். மூங்கிற் கழியால் புரட்டுவது நிற்கவே கூடாது. நீர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கல்லுப்பு. அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று பங்காகப் பிரித்துப் போடுவார். ஒரு மணி நேரம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, துணியை அதே நீரில் ஆறவிடுவார். பிறகு நிறமற்ற நீர் வரும்வரை அலசி, நிழலில் உலர்த்துவார். தீபாவளியை ஒட்டிய தூறல் நாட்களில் நிழலில் உலர்வதற்கு இரண்டு நாள் பிடிக்கும். அதுவரை எங்கள் வீட்டு நடைபாதை வண்ணக்கொடிகளின் கீழ் குனிந்து செல்லும் பாதையாக இருக்கும்.

இன்றைய அளவில் கூறுவதானால், அரைக் கிலோ உலர்ந்த பருத்தித் துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர், நிறத்தின் அழுத்தத்திற்கேற்ப 10 முதல் 20 கிராம் சாயப்பொடி, நூறு கிராம் உப்பு என்று கொள்ளலாம். அம்மாவிடம் தராசு இருந்ததில்லை. துணியைக் கையில் தூக்கிப் பார்ப்பார். உப்பைக் கையால் அள்ளுவார். கணக்கு பிசகியதாக எனக்கு நினைவில்லை.

உப்பின் பணி

சாயத்துக்கு உப்பு எதற்கு என்று சிறுவனாக நான் கேட்டபோது, 'உப்பில்லாமல் சோறு ருசிக்குமா? துணிக்கும் அப்படித்தான்' என்று அம்மா கூறிவிட்டார். வேதியியல் படித்த பிறகே அதன் காரணம் எனக்கு விளங்கிற்று. நீரில் மூழ்கிய பருத்தி இழை சிறிதளவு எதிர்மின் தன்மை கொள்கிறது. கரைந்த சாயத் துகளும் எதிர்மின் தன்மையுடையதே. ஒத்த மின் தன்மையுடைய இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பு கரையும்போது வெளிப்படும் சோடியம் அயனிகள் இடையில் புகுந்து இவ்விலக்கத்தைத் தணிக்கின்றன. சாயம் நீரை விட்டு இழையை நோக்கி நகர்கிறது. இரண்டு கட்சிகளையும் சமாதானம் செய்துவைக்கும் ஊர்ப் பெரியவர் போன்றது உப்பின் பணி. உப்பை ஒரேயடியாகக் கொட்டினால் சாயம் ஓடிவந்து முதலில் பட்ட இடத்திலேயே அப்பிக்கொள்ளும். அம்மா பங்கு பிரித்துப் போட்டதன் நுட்பம் இதுதான்.

அந்தப் பொட்டலச் சாயங்கள் பருத்தியின் மேல் நேரே ஏறும் வகையைச் சேர்ந்தவை. அவ்வகையில் முதலாவதான காங்கோ சிவப்பு 1884 இல் ஜெர்மனியில் உருவாயிற்று. எளிமையாக ஏறும் அச்சாயம் சலவையில் எளிதாக இறங்கவும் செய்யும். அவற்றுள் பென்சிடின் என்னும் பொருளிலிருந்து செய்யப்பட்டவை புற்றுநோய் விளைவிக்கக் கூடியவை என்று தெரியவந்ததால், 1990-களில் இந்தியாவில் அவை தடை செய்யப்பட்டன. 1956 இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த வினைச்சாயங்கள் வேறு வகை. சோடா உப்பின் துணையோடு அவை இழையோடு வேதிப்பிணைப்பாகவே இணைந்துவிடுகின்றன. கொதிக்க வைக்காமல், வெதுவெதுப்பான நீரிலேயே ஏறுகின்றன. இன்று வீட்டில் சாயம் தோய்க்க விரும்புவோர்க்கு ஏற்றவை இவையே. முகத்தை மூடிக்கொண்டு பொடியைக் கையாள்வதும் கையுறை அணிவதும் இன்றியமையாதவை.

எல்லாத் துணியும் எல்லாச் சாயத்தையும் ஏற்பதில்லை. பட்டும் கம்பளியும் புளிப்பை விரும்புவன. அவற்றுக்கு வினிகர் கலந்த நீரும் அமிலச் சாயமும் மிதமான சூடும் வேண்டும். பாலியெஸ்டரோ வீட்டு அடுப்புக்கு இணங்காது. ஆலைகளில் அழுத்தத்தின் கீழ் 130 பாகை அளவு சூட்டில்தான் அது சாயத்தை உள்ளே விடுகிறது. 1970-களில் டெரிகாட்டன் சட்டைகள் பரவிய காலத்தில் அப்பாவின் சட்டை ஒன்றை அம்மா கருநீலத்தில் முக்கினார். அதிலிருந்த பருத்தி மட்டும் நிறம் ஏற்க, பாலியெஸ்டர் வெள்ளையாகவே நிற்க, சட்டை சாம்பல் பூத்த நீலமாக வெளிவந்தது. 'பாதி மனசோடு வந்திருக்கிறது' என்றார் அம்மா. அப்பா அதை விரும்பியே அணிந்தார்.

வண்ணத்தின் நீதி

மறுசாயத்தில் மாறாத விதி ஒன்று உண்டு. பழைய வண்ணம் எங்கும் போய்விடுவதில்லை. புதியதன் அடியில் அது இருந்துகொண்டே இருக்கும். மஞ்சள் புடவையை நீலத்தில் முக்கினால் பச்சை பிறக்கும். இளஞ்சிவப்பை நீலத்தில் முக்கினால் கத்தரிப்பூ நிறம் வரும். வெளிர் நிறத்தை அடர்நிறமாக்கலாம். அடர்நிறத்தை வெளிர் நிறமாக்கச் சாயத்தால் இயலாது. ஆதலால், எந்த வண்ணம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், எந்த வண்ணம் ஏற்கெனவே இருக்கிறது என்று அம்மா கேட்பார். கறையையும் அவர் மறைப்பதாகச் சொல்லமாட்டார். 'கறை இருந்த இடம் கறையாகத்தான் இருக்கும். கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவே' என்பார்.

தொட்டியின் பழமை

சாயத்தொழில் நமக்குப் புதிதன்று. 1945 இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, உரோம நாட்டுப் பானையோடுகளுடன் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அவை துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று அவர் கருதினார். சோழர் தலைநகராகிய உறையூரிலும் அகழ்வில் சாயத்தொட்டி கிடைத்தது. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர், மஞ்சளுக்கு மஞ்சள், கறுப்புக்குக் கடுக்காயும் இரும்பும், பிடிப்புக்குப் படிகாரம் என நம் முன்னோர் மண்ணிலிருந்தே வண்ணங்களை எடுத்தனர். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் நில்லாது. சோப்புப் பட்டால் சிவக்கும். அவுரியோ பல தலைமுறை காணும். அவுரி நீலம் தோய்ப்போரைக் கன்னடத்தில் நீலகாரர் என்பர். மைசூர், சாமராஜநகர் வட்டாரங்களில் மண்டேசுவாமியின் கதையைப் பாடிவரும் மரபினரும் நீலகாரர் என்றே அழைக்கப்படுகின்றனர்.

1856 இல் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், மலேரியாவுக்கு மருந்து காண முயன்ற ஆய்வில் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அங்கிருந்து வண்ணங்களின் பிறப்பிடம் வயலை விட்டு ஆய்வுக்கூடத்துக்கு மாறிற்று. 1897 இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்ததும், இந்தியாவில் அவுரி வயல்கள் சுருங்கத் தொடங்கின. அம்மா வாங்கிய காகிதப் பொட்டலத்தின் வரலாறு இவ்வளவு நீளமானது.

இத்தொழிலோடு குடிபெயர்ந்தோர் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. மதுரைச் சுங்குடியைப் பாருங்கள். துணியில் சிறு சிறு முடிச்சுகளிட்டு, சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் வெண்புள்ளிகள் மலரும். வடக்கிலிருந்து வந்து மதுரையில் நிலைத்த சௌராட்டிரர் வளர்த்த கலை இது. அவர்கள் இல்லத்தில் தம் மொழியைப் பேணினர், வீதியில் தமிழராயினர், அவர்கள் கொணர்ந்த முடிச்சுச் சாயம் இன்று மதுரையின் அடையாளம். 2005 இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வந்தவர் தந்த வண்ணத்தை ஊர் தன் பெயரால் அழைக்கும் காலமும் வரும் என்பதற்குச் சுங்குடி சான்று.

அந்தத் தீபாவளி

1974 ஆம் ஆண்டு அப்பா வேலை பார்த்த ஆலை நான்கு மாதங்கள் மூடிக் கிடந்தது. தீபாவளி நெருங்கியபோது வீட்டில் அரிசி இருந்தது. புதுத்துணி எடுக்கப் பணம் இல்லை. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, வெளுத்த மஞ்சள் புடவை ஒன்றையும், இளஞ்சிவப்புப் புடவை ஒன்றையும், அப்பாவின் இரண்டு வேட்டிகளையும் எடுத்தார். மஞ்சள் புடவை நீலத்தில் மூழ்கி அக்காவுக்குப் பச்சைப் பாவாடையாயிற்று. இளஞ்சிவப்பு, கத்தரிப்பூத் தாவணியாயிற்று. வேட்டிகள் அரக்கு நிறம் ஏற்று எனக்கும் தம்பிக்கும் சட்டைகளாயின. தையலும் அம்மாவின் கையே.

தீபாவளியன்று காலை, அடுத்த வீட்டுக் கன்னடத்து அஜ்ஜி அக்காவின் பாவாடையைத் தொட்டுப் பார்த்து, 'ஹொசதா?' என்று கேட்டார். அக்காவின் முகம் சிறுத்தது. பதினான்கு வயதுப் பெண். ஆமாம் என்று அம்மா சொல்லிவிட மாட்டாரா என்று அவரையே பார்த்தாள். அம்மா தமக்குத் தெரிந்த கன்னடத்தில், 'பட்டெ ஹளெது, பண்ண ஹொசது' என்றார். துணி பழையது, வண்ணம் புதியது. அக்கா உள்ளே போய்விட்டாள். மாலைவரை வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் அதே அஜ்ஜி வெளுத்த புடவை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். 'பண்ண ஹாகி கொடம்மா' என்றார். அவரைத் தொடர்ந்து வரிசை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தனர். தொடக்கத்தில் அம்மா பணம் வாங்கவில்லை. ராகியும் விறகும் தேங்காயும் வந்தன. பிறகு பொட்டலத்தின் விலையோடு ஒரு ரூபாய் என்று அவர்களே ஒரு கணக்கை ஏற்படுத்தினர்.

அப்பாவால் இதைத் தாங்க முடியவில்லை. 'நாலு வீட்டுத் துணிக்குச் சாயம் போட்டுத்தான் இந்த வீட்டில் உலை வைக்க வேண்டுமா?' என்று ஒருநாள் இரவு கேட்டார். அம்மா குரலை உயர்த்தவில்லை. 'எங்கப்பா ஊர்த் துணிக்கெல்லாம் சாயம் போட்டவர். அந்த உலையில் வெந்த சோற்றைத் தின்றுதான் நான் வளர்ந்தேன். அந்தப் பெண்ணைத்தானே நீங்கள் கட்டிக்கொண்டு வந்தீர்கள்?' என்றார். அப்பா பதில் கூறவில்லை. மறுநாள் விடியுமுன் கிணற்றில் ராட்டினம் சுழலும் ஓசை கேட்டு எழுந்து பார்த்தேன். அப்பா நீர் இறைத்துக் குண்டானை நிரப்பிக் கொண்டிருந்தார். ஆலை திறக்கும்வரை அவ்வேலையை வேறு யாருக்கும் அவர் விடவில்லை.

ஒரு மூட்டைப் புடவைகள்

அந்நாட்களில் நடந்த இன்னொன்றையும் எழுத வேண்டும். அடுத்த தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இளம்பெண் ஒருவர் கணவரை இழந்தார். காரியங்கள் முடிந்த சில நாளில், இருட்டிய பிறகு, கையில் மூட்டையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐந்து புடவைகள். கிளிப்பச்சை, ரோஜா, மாம்பழ நிறம் என எல்லாம் திருமணத்துக்கு எடுத்தவை. 'அத்தை இதையெல்லாம் வெள்ளையாக்கித் தரச் சொன்னாங்க, அக்கா' என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

அம்மா ஒவ்வொரு புடவையாகப் பிரித்து, முந்தானையை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார். அரிக்கேன் விளக்கின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, 'இது கெட்டிச் சாயம், கண்ணு. எடுக்கப் போனால் துணி கந்தலாகிவிடும். அஞ்சு புடவையும் வீணாகப் போகும் என்று உங்கள் அத்தையிடம் சொல்லு. வேண்டுமானால் நாலைக் கருநீலமாக முக்கித் தருகிறேன். மாம்பழ நிறத்தை விட்டுவிடு. அது சாயத்தைப் பிடிக்காது' என்றார். அப்படியே நடந்தது. கருநீலப் புடவையில் அப்பெண் தையல் வகுப்புக்குச் செல்வதைப் பல ஆண்டுகள் கண்டோம். ஐந்தாவது புடவை பெட்டியில் இருந்திருக்க வேண்டும். பின்னர் ஒரு பொங்கல் நாளில் அதை அவர் உடுத்தியிருந்தார்.

நெசவாளர் வீடுகளில் ஹைட்ரோஸ் என்றொரு பொடியைச் சொல்வார்கள். ஏறிய சாயத்தை இறக்குவதற்கென்றே சாயப்பட்டறைகளில் அது பயன்படும். வேதியியல் படித்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்: 'அப்போது ஹைட்ரோஸ் போட்டு எடுத்திருக்கலாமே, கிடைக்கவில்லையா?' அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, 'கடையில் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுகூட ஆகலை' என்றார். தீபாவளியன்று பெற்ற மகளின் முகம் வாடியும் உண்மையை மறைக்காதவர் அவர். வேறொரு வீட்டுப் பெண்ணுக்காக ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருக்கிறார். சாயம் வெளுப்பதைப் பழிக்கும் பழமொழியை அன்று முதல் நான் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் கலவரம் மூண்டது. தமிழர் பலர் வீட்டை விட்டு ஓடிய நாட்கள் அவை. அன்று இரவு எங்கள் வாயிற்படியில், அம்மாவிடம் துணி கொடுத்து வாங்கிய வீடுகளைச் சேர்ந்த இரண்டு ஆண்கள் போர்வையுடன் வந்து அமர்ந்தனர். ஒருவர் அந்த அஜ்ஜியின் பேரன். விடியும்வரை இருந்துவிட்டு, காப்பி குடித்துச் சென்றார்கள். இதை ஒரு ரூபாய்க் கூலியின் வட்டி என்று நான் கணக்கிட மாட்டேன். ஒரே கிணற்று நீரும் ஒரே குண்டானும் அக்கம் பக்கத்தாரை எவ்வளவு நெருக்கமாக்கும் என்பதை மட்டும் கூறுவேன்.

மைசூரின் நிலைத்த சாயம்

மைசூருக்கும் வண்ணத்துக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912 இல் தொடங்கிய பட்டு நெசவாலையின் புடவைகள் நாடெங்கும் புகழ் பெற்றவை. அவர் ஆட்சியிலேயே 1937 இல் அரக்கையும் வண்ணப் பூச்சையும் உருவாக்கும் தொழிலகம் ஒன்று இங்கே எழுந்தது. இன்று மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்று வழங்கும் அந்நிறுவனம்தான் 1962 பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் மையைச் செய்து தருகிறது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட், தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, ஒளி பட்டுக் கருக்கிறது. சோப்பும் எண்ணெயும் அதனை அசைக்கா. நகமும் தோலும் வளர்ந்து உதிரும்போதுதான் அதுவும் போகும். இங்கும் பிடிப்பைத் தருவது உப்புத்தான் என்பதை அறிந்தபோது அம்மாவின் கைப்பிடி உப்பு நினைவுக்கு வந்தது. சேலத்தில் இருக்கும் உறவினரும் மைசூரில் இருக்கும் நாமும் தேர்தல் நாளில் ஒரே ஊரின் சாயத்தை விரலில் ஏந்துகிறோம்.

ஆற்றின் பொறுமை

சாயத்தைப் போற்றி எழுதும்போது அதன் தீமையையும் சொல்லிவிடுவது முறை. திருப்பூரின் பனியன்கள் உலகெங்கும் சென்றன. அவற்றின் சாயநீர் நொய்யலில் சேர்ந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, உப்பும் சாயமும் தேங்கிய குட்டையாக மாறிற்று. உழவர்கள் வழக்காடினர், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நொய்யல் சேர்வது காவிரியில். மைசூரை ஒட்டிப் பாயும் அதே காவிரி, நாம் விட்டுவந்த ஊர்களுக்கு அவ்வாறுதான் போய்ச் சேர்கிறது. துணியைத் தழுவச் செய்யும் உப்பு மண்ணைத் தரிசாக்கவும் வல்லது. ஒரு வீட்டின் ஒரு குண்டான் நீர் சிறிதுதான். எனினும் அம்மா அதைக் கிணற்றடியிலோ செடிகளின் அடியிலோ ஒருநாளும் ஊற்றியதில்லை. சாக்கடையில் நிறைய நீர் கலந்தே விடுவார். கடைசி நீரில் நிறம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே, அதில் இன்னொரு சிறு துணியை, ஒரு கைக்குட்டையையேனும், போட்டு வைப்பார். அவ்வகையில் எங்கள் வீட்டுக் கைக்குட்டைகள் எல்லாம் வெளிர் நிறங்களிலேயே இருந்தன.

இன்றைய குண்டான்

அம்மா இப்போது இல்லை. சென்ற ஆண்டு என் மகள், வெளுத்த ஜீன்ஸ் ஒன்றைத் தூக்கிப் போடுவதா என்று கேட்டாள். வினைச்சாயம் வாங்கி, பிளாஸ்டிக் வாளியில் இருவருமாகக் கறுப்பு ஏற்றினோம். உலர்ந்ததும் துணி நல்ல கறுப்பாக இருந்தது. தையல் நூல் மட்டும் பழைய ஆரஞ்சு நிறத்திலேயே பளிச்சென்று நின்றது. பாலியெஸ்டர் நூல், சாயத்தை ஏற்கவில்லை. அவளுக்கு அதுவே பிடித்துவிட்டது. அவள் மைசூரில் பிறந்தவள். கன்னடத்தில் கணக்குப் போடுகிறாள். கன்னடத்தில் தோழியருடன் சண்டையிடுகிறாள். காலில் முள் குத்தினால் மட்டும் 'அம்மா' என்று தமிழில் அலறுகிறாள் என நான் கூறலாம். ஆனால் கன்னடத்திலும் அது 'அம்மா'தான். துணியின் தையல் எங்கே, சாயம் எங்கே என்று பிரித்துப் பார்ப்பது நமக்குத்தான் வேலை. அணிபவர்க்கு அது ஒரே ஆடை.

நம் வீடுகளின் பெட்டிகளில் வெளுத்த துணிகள் இல்லாமல் இரா. இவ்வாண்டுத் தீபாவளிக்கு முன் ஒன்றை வெளியே எடுங்கள். பருத்தியா பட்டா என்று பாருங்கள். பழைய நிறம் என்ன என்று பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு முக்குங்கள். முதல் மூன்று சலவைக்கு அதை மற்றத் துணிகளோடு சேர்க்க வேண்டா, தனியே அலசுங்கள். யாரேனும் புதிதா என்று கேட்டால், துணி பழையது, வண்ணம் புதியது என்று சொல்லுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரியே.